கலப்பு

கடையில் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.
மொச்சை நூறு, காராமணி நூறு,
கொண்டைக்கடலை, பட்டாணி, கொஞ்சம் கொள்ளு.
எல்லாம் ஒரே கவரில் போடச் சொன்னதும்
எத்திராஜ் தராசை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.
"அப்பால பிரிக்க முடியாதும்மா."
"பிரிக்க மாட்டேன்."

எங்கள் வீட்டுக்குத் தானியம்
கலந்தேதான் வந்தது.
சால்ட் கோட்டர்ஸ் கூட்ஷெட்டில்
வேகன் கதவு திறக்கையில்
எந்த மூட்டை கிழிந்திருக்கிறதோ
அதுதான் அன்றைக்குச் சமையல்.
அம்மா நாகபூஷணம்
துடைப்பமும் தகர முறமுமாய்
தண்டவாளங்களுக்கு நடுவே குந்துவாள்.
மொச்சையோடு ஜல்லி வரும், கரித்தூள் வரும்,
மூட்டை தைத்த சணல் வரும்.
ஒருமுறை ஒரு சட்டைப் பொத்தான்.
தம்பியின் காக்கி டவுசரில் அதைத் தைத்தாள்,
வேறு நிறம்தான்.

சிக்கல் வேகவைப்பதில்.
பட்டாணி கரைந்து கூழாகிற நேரத்தில்
மொச்சைக்கு அப்போதுதான் தோல் சுருங்கும்.
கடலை இன்னும் கல்.
ரேஷன் கிருஷ்ணாயில் அவ்வளவு தாங்காது.
அதனால் மூலக்கொத்தளம் பேக்கரிக்கு
இரவில் நடந்து போகும் எங்கள் பானை.

கடைசித் தட்டு பன் வெளியே வந்ததும்
ஐதுரூஸ் பாய் தணலை ஓரம் ஒதுக்குவார்.
புளி, ஒரு சுண்டு வெல்லம், மிளகாய்,
தலையும் வாலுமாய் நெத்திலிக் கருவாடு.
மிஞ்சிய மைதாவைப் பிசைந்து மூடியை ஒட்டி
நீளக் கட்டையால் உள்ளே தள்ளுவார்.
கூலி, விடிந்ததும் ஒரு கிண்ணம்.
"கருவாட்ட அள்ளிக்கினு போய்டாத, நாகு."

காலையில் அந்தக் குழம்பில்
பன் வாசனை அடிக்கும்.
பள்ளியில் என் தூக்கைத் திறந்து மோந்த பிலோமினா
"கேக்கா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
இன்றுவரை அதைத் திருத்தவில்லை.

ஓர் ஐப்பசி இரவு
பானையை அடுப்பில் விட்டுவிட்டு
இரண்டாவது வேகன் பார்க்கப் போனவள்
திரும்பவில்லை.
ரயில்வே போலீஸ் நோட்டில் எழுதிக்கொண்டார்களாம்:
தானியம், கலப்பு, சுமார் முக்கால் கிலோ.
விடிந்ததும் பாயே சைக்கிளில் பானையைக் கட்டி
எடுத்துக்கொண்டு வந்தார்.
கிண்ணம் கேட்கவில்லை.

நாங்கள் மூன்று பேரும் தொடவே இல்லை
என்று எழுத ஆசை.
தொட்டோம்.
விரலை நக்கினோம்.
அவ்வளவு நன்றாக அது
அதற்கு முன்னால் வெந்ததில்லை.
அடியில் பிடித்ததை அவளுக்கு விட்டோம்,
அதுதான் அவளுக்குப் பிடிக்கும் என்று
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு.

மத்தியானம் அபராதம் கட்டிவிட்டு வந்தாள்.
மூக்குத்தி இருந்த இடத்தில்
ஒரு துண்டு துடைப்பக் குச்சி.
பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.
"கடல வெந்துச்சா?"

கொருக்குப்பேட்டையில், இரண்டாவது மாடியில்,
மகன் தவணையில் வாங்கிய மின்சார அடுப்பு
இருநூறு டிகிரியில் மஞ்சளாக எரிகிறது.
ராத்திரி முழுக்க ஊறியதால்
எல்லாம் ஒன்றுபோல் வெந்துவிட்டது.
எனக்கு அது பிடிக்கவில்லை.
ஒரு பன்னைப் பிய்த்து உள்ளே போட்டுப் பார்த்தேன்.
ஊறிப்போய் நாசமானது,
கரண்டியால் எடுத்துக் கொட்டினேன்.

மகன் இரண்டாம் முறை கேட்டு வாங்கினான்.
"இதுக்கு இன்னா பேரும்மா?"
பேர் யாரும் வைக்கவில்லை.
வாயில் போட்டதை மென்றுகொண்டிருந்தேன்,
கடைவாயில் ஒன்று கடக்கென்றது.
கடலையா, எத்திராஜ் கடைக் கல்லா,
தெரியவில்லை.
கொஞ்ச நேரம்
துப்பாமல் வைத்திருந்தேன்.